ஐதராபாத்திலிருந்து மாய ராஜ்யங்களுக்கு: நெடுநாள் ஆட்டக்காரர்களின் கோரிக்கைப் பட்டியல்

ஆன்லைன் மாய உலக விளையாட்டு என்பது, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தின் வழியாக நுழைந்து, போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ வைத்தியராகவோ ஒரு பாத்திரத்தை ஏற்று, ஆண்டுக்கணக்கில் குடியிருக்கக்கூடிய ஒரு கற்பனை நாடாகும். ஆட்டக்காரர் கணினியை அணைத்துவிட்டு உறங்கச் சென்ற பின்னும் அந்த நாடு இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதும், அவர் சேர்த்த ஆயுதமும் பொன்னும் தோழமையும் மறுநாளும் அங்கேயே இருக்கும் என்பதும்தான் பிற கணினி விளையாட்டுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகின்றன. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் வெறும் எழுத்துகளைக் கொண்டே அமைத்த ‘மட்’ என்ற விளையாட்டில் தொடங்கிய இந்த மரபு, 1997இல் அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்க்வெஸ்ட், 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று வளர்ந்து, இன்று உலகெங்கும் தனிப் பெருந்தொழிலாக நிலைபெற்றிருக்கிறது. இந்தியாவில் ‘ஃபேன்டஸி கேம்’ என்றதும் பலரின் நினைவுக்கு வரும், கிரிக்கெட் வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைக்கும் செயலிகள் வேறு வகையைச் சேர்ந்தவை; பணயம் வைத்து ஆடும் அவ்வகை ஆட்டங்களைத் தெலங்கானா அரசு 2017லேயே தடை செய்துவிட்டது. இங்கே பேசப்படுவது டிராகன்களும் கோட்டைகளும் நிறைந்த கதை உலகத்தைப் பற்றி.

இத்தகைய ஓர் உலகத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தவர் கேட்கும் மாற்றங்களும், சென்ற மாதம் சேர்ந்தவர் கேட்கும் மாற்றங்களும் ஒன்றாக இருப்பதில்லை. புதியவர் இன்னும் பெரிய டிராகனையும் இன்னும் மினுமினுக்கும் வாளையும் கேட்கிறார். நெடுநாள் ஆட்டக்காரரின் பட்டியலில் அவை கடைசி வரிசையில்கூட இடம்பெறுவது அரிது. தன் கட்டளை உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும், தன்னிடம் வாங்கும் பணத்துக்கு நேர்மையான கணக்கு வேண்டும், முடிவெடுக்கும் இடத்தில் தன் குரல் கேட்க வேண்டும், தான் கட்டியெழுப்பியது ஒரே இரவில் மறைந்துபோகக் கூடாது என்று, ஏறத்தாழ ஓர் ஊரின் குடிமகன் தன் நகராட்சியிடம் வைக்கும் கோரிக்கைகளையே அவர் வைக்கிறார். இந்தியாவில் இருந்துகொண்டு கேட்கும்போது இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றும் கூடுதல் கூர்மை பெறுகின்றன என்பதற்கு ஐதராபாத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

காரணம், ஐதராபாத் விளையாட்டுகளை ஆடும் நகரமாக மட்டும் இல்லாமல் அவற்றை உருவாக்கும் நகரமாகவும் இருக்கிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம் இங்கே பல ஆண்டுகளாக ஒரு ஸ்டுடியோவை நடத்திவருகிறது. 2020இல் மத்திய அரசு நடத்திய ஆத்மநிர்பர் செயலிப் போட்டியில் விளையாட்டுப் பிரிவில் பரிசு பெற்ற ‘ஹிட்விக்கெட் சூப்பர்ஸ்டார்ஸ்’ இந்நகரத்தில் உருவானது. அனிமேஷன், விளையாட்டுத் துறைகளுக்கென்றே ‘இமேஜ் டவர்’ என்ற பெருங்கட்டடத்துக்கு ராய்துர்கத்தில் 2017இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்திய விளையாட்டு உருவாக்குநர் மாநாடு 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகளும் ஐதராபாத்திலேயே கூடி, 2025இல்தான் சென்னைக்கு இடம் மாறியது. இவ்வளவு இருந்தும், மாதாப்பூரிலோ குக்கட்பள்ளியிலோ இருக்கும் ஓர் ஆட்டக்காரர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலோ ஃபைனல் ஃபேன்டஸி 14இலோ நுழைய விரும்பினால், அவர் போய்ச் சேரும் ராஜ்யம் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற தொலைதூர இடம் ஒன்றில்தான் இருக்கிறது; இவ்விரண்டுக்கும் இந்தியாவில் ஒரு சர்வர்கூட வைக்கப்படவில்லை.

சர்வர் என்பது அந்தக் கற்பனை நாட்டின் நிலவரம் முழுவதையும் கணக்கிட்டு வைத்திருக்கும் மையக் கணினி. யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு அடிபட்டது, எந்தப் புதையலை யார் எடுத்தார் என்பதையெல்லாம் தீர்ப்பது அதுவே. ஆட்டக்காரரின் திரையில் தெரிவது, அந்தத் தீர்ப்பு சிறிது நேரத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதன் படம் மட்டுமே. ஆட்டக்காரரின் கட்டளை சர்வருக்குப் போய் விடை திரும்பிவர ஆகும் நேரத்தை ‘பிங்’ என்று அழைத்து, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி விநாடியில் அளக்கிறார்கள். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்ல முடியும் என்பதால், ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேர்கோட்டில் கேபிள் போட்டால்கூடப் போய்வர 70 மில்லி விநாடி ஆகும். நடைமுறையில் அப்படி ஒரு நேர்கோடு கிடையாது. கடலில்லாத ஐதராபாத்திலிருந்து கிளம்பும் தரவு முதலில் மும்பைக்கோ சென்னைக்கோ போய்க் கடலடிக் கேபிளில் ஏறி, அரபிக்கடலையும் செங்கடலையும் கடந்து, எகிப்து வழியாக மத்தியதரைக் கடலில் இறங்கி ஐரோப்பாவை அடைகிறது. ஆகவே உண்மையான பிங், இயற்பியல் அனுமதிக்கும் அந்தக் குறைந்தபட்ச அளவைவிட வெகுவாகக் கூடிவிடுகிறது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெட்டாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது தெற்காசியாவில் இணையம் மந்தமானது. அலுவலகங்களுக்கு அது சிறு தொந்தரவாகவே இருந்திருக்கலாம், ஐரோப்பிய சர்வரில் ஆடுபவர்களுக்கோ அப்படிப்பட்ட நாட்களில் ராஜ்யத்தின் வாசலே அடைபட்டதுபோல ஆகிவிடும்.

இந்தச் சில மில்லி விநாடிகள் ஆட்டத்தில் என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ‘ரெய்டு’ என்பது பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு பேரரக்கனை எதிர்க்கும் கூட்டுப் போர். அரக்கன் மந்திரத்தை ஓதத் தொடங்கியதும் தரையில் ஒரு வட்டம் ஒளிர்கிறது. மந்திரம் முடிவதற்குள் வட்டத்தை விட்டு வெளியேறியவர் தப்புவார், உள்ளே நின்றவர் மடிவார். ஐதராபாத் ஆட்டக்காரர் தன் திரையில் வட்டத்தைக் கண்ட உடனே விலகுகிறார். அவர் கண்ணுக்கு அவரது கால் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் வட்டம் தோன்றிய செய்தி அவருக்கு வந்து சேர்ந்ததே தாமதமாக. அவர் விலகிய செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்வதும் தாமதமாக. மந்திரம் முடிந்த கணத்தில் சர்வரின் கணக்கில் அவர் இன்னும் வட்டத்துக்குள்தான் நிற்கிறார். வெளியே வந்து நிற்கும் வீரர் திடீரென்று சரிந்து விழுவதைப் பார்க்கும்போது, அருகிலுள்ள ஜெர்மானியத் தோழருக்கு அது கவனக்குறைவாகத் தோன்றும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் உலகமே 0.6 விநாடிக்கு ஒருமுறை ஒரு படி நகர்கிறது. அந்த 600 மில்லி விநாடியில் 200ஐக் கேபிளே விழுங்கிவிட்டால், சிந்தித்துச் செயல்பட மற்றவருக்குக் கிடைக்கும் அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்கு இவருக்குக் கிடைக்காது. இந்த ஊனத்தோடு பல ஆண்டுகள் ஆடியவர்கள், வட்டம் தோன்றுவதற்கு முன்பே அரக்கனின் அசைவுகளை மனப்பாடம் செய்து, முன்கூட்டியே நகரும் ஒரு தனித் திறமையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அத்திறமை தேவைப்படும் நிலையே இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்பது.

தொழில்நுட்பம் இல்லாததால் இந்தக் குறை நீடிக்கிறது என்று சொல்ல இடமில்லை. அமேசான் நிறுவனத்தின் கிளவுட் பிரிவு 2022 நவம்பரில் ஐதராபாத்திலேயே தன் தரவு மையப் பகுதி ஒன்றைத் தொடங்கிவிட்டது. டோட்டா 2, வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு இந்தியாவில் சர்வர்கள் உள்ளன. வாலரன்ட்டுக்கு மும்பையில் 2020லேயே வந்துவிட்டது. அவற்றில் ஓர் ஆட்டம் அரைமணி நேரம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; பத்துப் பேர் சேர்ந்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். மாய உலகத்துக்கோ மக்கள்தொகை வேண்டும்: சந்தையில் விற்பவரும் வாங்குபவரும், ‘கில்டு’ எனப்படும் குழுக்களை நடத்துபவர்களும், நள்ளிரவிலும் ரெய்டுக்கு வருபவர்களும் போதிய எண்ணிக்கையில் இல்லாவிட்டால், எவ்வளவு அழகான ராஜ்யமும் ஆளற்ற ஊராகிவிடும். இந்தியாவுக்குத் தனி சர்வர் வைத்து அது வெறிச்சோடினால் நட்டமும் அவப்பெயரும் நிறுவனத்துக்கே என்ற அச்சத்தை முற்றிலும் புறக்கணிக்க முடியாது.

இந்த இக்கட்டுக்கு நடுவழி ஒன்று உண்டு என்பதை ஆல்பியன் ஆன்லைன் காட்டியது. பெர்லினில் உருவான இந்த மாய உலகத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கிப் பொருளைப் பறித்துக்கொள்ளவும் முடியும் என்பதால், தாமதம் இங்கே மானப் பிரச்சினை மட்டுமாக நிற்பதில்லை, உடைமை இழப்பாகவும் முடிகிறது. தொடக்கத்தில் உலகம் முழுவதற்கும் அமெரிக்காவில் ஒரே சர்வர் வைத்திருந்த அந்நிறுவனம், நீண்டகாலக் கோரிக்கைகளுக்குப் பின் 2023 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆசிய சர்வரையும், 2024 ஏப்ரலில் ஐரோப்பிய சர்வரையும் திறந்தது. ஐதராபாத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,300 கிலோமீட்டர். அமெரிக்கத் தொலைவோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய அண்டை வீடு. ஆயினும் புதிய சர்வர் என்பது புதிய உலகம். பழைய உலகில் சேர்த்த வீடும் பொருளும் திறமையும் அங்கே செல்லாது. பல ஆண்டு உழைப்பைக் கைவிட்டுப் பக்கத்து நாட்டில் வெறுங்கையோடு தொடங்குவதா, தூரத்து நாட்டிலேயே தாமதத்தோடு காலம் தள்ளுவதா என்ற கேள்வி நெடுநாள் ஆட்டக்காரர்களை மட்டும்தான் வாட்டும். தம் பாத்திரத்தை வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ளும் வசதி என்ற கோரிக்கை அவர்கள் பட்டியலில் மேல்வரிசையில் இருப்பதன் காரணம் இதுவே. பொருளாதாரம் சீர்குலையும் என்று அதற்கு மறுப்பு சொல்லப்படுகிறது. பொன்னையும் சரக்கையும் விட்டுவிட்டு, கற்ற திறமைகளையும் பெயரையும் மட்டுமாவது எடுத்துச்செல்ல அனுமதித்தால் அந்த மறுப்பு பெருமளவு வலுவிழக்கும்.

தூரத்தோடு நேரமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஐரோப்பியக் குழுக்கள் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கு ரெய்டு தொடங்கினால் இந்தியாவில் அப்போது நள்ளிரவு 12.30, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. ஹைடெக் சிட்டி அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டியவர் இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உறக்கத்தைத்தான் பணயம் வைக்கிறார். வாராந்தரப் பராமரிப்புக்காகச் சர்வரை மூடும் நேரம்கூட அந்தந்த நாட்டு மக்கள் உறங்கும் அல்லது அலுவலகம் கிளம்பும் வேளையாகப் பார்த்தே குறிக்கப்படுகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் அமெரிக்க சர்வர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் மூடப்படும்போது இந்தியாவில் இரவு உணவு முடிந்து ஆட்டத்துக்கு உட்காரும் நேரம். குறிப்பிட்ட நாளில் மட்டும் கிடைக்கும் பரிசுகளுக்கு 24 மணி நேரத்துக்குப் பதில் 36 மணி நேரம் கொடுத்தால் போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும். செலவில்லாத இச்சிறு திருத்தம் இன்னும் பல விளையாட்டுகளில் செய்யப்படாமலிருப்பதைப் புரிந்துகொள்வது கடினம்.

இந்தியாவில் அருகிலேயே ஒரு ராஜ்யம் இருந்த காலமும் உண்டு. கொரியாவில் பிறந்த ராக்னராக் ஆன்லைனை 2000களின் நடுப்பகுதியில் லெவல் அப் என்ற நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி, தன் ஐவே இணைய மையங்களின் பலத்தில் ‘ஏ3 இந்தியா’ என்ற மற்றொரு கொரிய மாய உலகத்தை நடத்தியது. வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் இல்லாத, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து மையத்தில் உட்கார்ந்து ஆடிய காலம் அது. இரண்டும் நீடிக்கவில்லை, அவற்றில் வளர்ந்த பாத்திரங்களும் அவற்றோடு போயின. இன்று கைப்பேசித் தரவு மலிவாகிவிட்டது, நகரங்களில் ஃபைபர் இணைப்பு பரவிவிட்டது. அன்று தோற்றதால் இன்றும் தோற்கும் என்று கணக்குப் போடுவது சரியான வணிக அறிவாகத் தெரியவில்லை.

பணம் செலுத்தும் முறையிலும் நெடுநாள் ஆட்டக்காரருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் மாதச் சந்தா 14.99 டாலர், இந்திய வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இத்தொகை அமெரிக்கருக்குத் தோன்றும் சிறு செலவாக இருப்பதில்லை. கணினி விளையாட்டுகளின் பெரிய இணையக் கடையான ஸ்டீம் 2015லேயே ரூபாய் விலைக்கு மாறியதும், பல விளையாட்டுகள் இந்தியாவுக்கென்று குறைந்த விலை வைத்ததும், விலையை இடத்துக்கேற்ப அமைப்பது நடைமுறையில் இயலும் என்பதற்குச் சான்று. 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கார்டிலிருந்து தானாகவே எடுக்கப்படும் தொடர் கட்டணங்களுக்கு வாடிக்கையாளரின் கூடுதல் ஒப்புதல் தேவை என்று ரிசர்வ் வங்கி விதித்தது. வாடிக்கையாளரைக் காக்கும் நல்ல விதி அது. ஆனால் அதற்கேற்பத் தம் கட்டண முறையை மாற்றிக்கொள்ளாத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தாக்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றன. தெருமுனைத் தேநீர்க் கடையிலும் யுபிஐயில் பணம் கொடுக்கும் நாட்டில், ஒரு மாதச் சந்தாவுக்குப் பன்னாட்டுக் கார்டு தேட வேண்டியிருப்பது பெரிய குறைதான்.

இதைவிடக் கடுமையான புகார், அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பற்றியது. ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் இவற்றைப் பணம் கொடுத்து வாங்கித் திறந்தால், உள்ளே அரிய பொருளும் இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். எது எத்தனை சதவீத வாய்ப்பில் கிடைக்கும் என்பது ஆட்டக்காரருக்குத் தெரியாத வரையில், விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்த நம்பிக்கை எப்படிக் குலைக்கப்படலாம் என்பதற்குத் தென்கொரியாவின் மேப்பிள்ஸ்டோரி என்ற மாய உலகம் பாடமாக நிற்கிறது. ஆயுதத்தின் சக்தியை மாற்றியமைக்கும் ‘கியூப்’ என்ற பொருளை அதை நடத்தும் நெக்ஸான் விற்றுவந்தது. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய சில சேர்க்கைகள் வரவே வராதபடி வாய்ப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதைத் தெரிவிக்காமலே பல ஆண்டுகள் விற்பனை தொடர்ந்தது என்று கண்டறிந்த கொரிய நேர்மை வணிக ஆணையம், 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில், வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயமாயிற்று. சீனா 2017லேயே அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. பெல்ஜியம் 2018இல் பணத்துக்கு விற்கும் இப்பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கொரிய மாற்றத்துக்குப் பின்னால் ஆட்டக்காரர்களின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது: பணம் திரட்டி, மின்திரை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து, நிறுவன வாசல்களில் தம் கோரிக்கைகளை ஓடவிட்டார்கள், 2022இல் குதிரைப் பந்தயத்தை மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டின் ஆட்டக்காரர்கள் நிஜக் குதிரை வண்டியையே அலுவலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டுப் போட்டிகளையும் சமூக விளையாட்டுகளையும் அவற்றிலிருந்து பிரித்து அனுமதிக்கிறது. மாய உலகங்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட இப்பக்கத்தில்தான் வருகின்றன. அனுமதித்தால் மட்டும் போதாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியின் மேல் எழுதிவைக்கும்படியும் சொல்ல வேண்டும் என்பது ஆட்டக்காரர்கள் தரப்பின் நியாயமான எதிர்பார்ப்பு.

மொழியைப் பொறுத்தவரை ஐதராபாத் ஆட்டக்காரரும் சென்னை ஆட்டக்காரரும் ஒரே படகில் இருக்கிறார்கள். தெலுங்கிலோ தமிழிலோ கதை சொல்லும் பெரிய மாய உலகம் ஏதும் இல்லை என்பது ஒருபுறமிருக்க, தோழர்களோடு பேசும் அரட்டைப் பெட்டியில் தாய்மொழியில் எழுதினாலே எழுத்து சிதைவதுண்டு. ‘கோட்டை’ என்று எழுத, கணினியில் முதலில் ககரமும் அதன்பின் ஓகாரக் குறியும் பதிவாகின்றன. அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைத்துக்காட்டும் வேலையை விளையாட்டின் எழுத்துப் பொறி செய்ய வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட பொறி அதைச் செய்யாமல், கொம்பும் காலும் இடம்மாறி விழ விட்டுவிடுகிறது. தெலுங்கில் எழுத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய ஒத்தெழுத்துகள் தனித்தனியே உதிர்கின்றன. இதைச் சரிசெய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இணைத்துக்கொள்ள அக்கறை மட்டும்தான் தேவை.

கதைக்களமும் அப்படியே. மாய உலகங்களில் மீண்டும் மீண்டும் வருவது இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளும் ஊசியிலைக் காடுகளும்தான். ஐதராபாத்தின் வாசலிலேயே கோல்கொண்டா நிற்கிறது. அதன் ஃபதே தர்வாஸா வாயிலின் குவிமாடத்தின் கீழ் கைதட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் கேட்கும். எதிரி வந்த செய்தியை எச்சரிக்கும் அமைப்பு அது என்று சொல்லப்படுகிறது. முற்றுகைப் போரை மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டில் இதைவிட அருமையான ஆட்ட உத்தியை எந்த வடிவமைப்பாளர் கற்பனை செய்துவிட முடியும்? பாதாள பைரவியையும் மாயா பஜாரையும் தெலுங்கிலும் தமிழிலும் பார்த்து, அம்புலிமாமாவில் வேதாளத்தைப் படித்து வளர்ந்த இரண்டு மொழி மக்களுக்கு மாயம் அந்நியச் சரக்காக என்றுமே இருந்ததில்லை. ஐதராபாத்தில் படமாக்கப்பட்ட பாகுபலியை ஒட்டி 2017இல் பெங்களூருவின் மூன்ஃப்ராக் நிறுவனம் ஒரு கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் ‘ராஜி’ என்ற விளையாட்டில் ராஜஸ்தான் கோட்டைகளையும் புராணத் தெய்வங்களையும் எழிலோடு கொண்டுவந்தது. ஆனால் ராஜி ஒருவர் தனியாக ஆடி முடிப்பது. பல்லாயிரம் பேர் சேர்ந்து குடியேறும் இந்திய மாய நாடு இன்னும் எழவில்லை.

கோரிக்கை வைப்பது ஒன்று, அதைக் கேட்க ஓர் ஏற்பாடு இருப்பது மற்றொன்று. இவ்வகையில் இரு முன்மாதிரிகள் ஆராயத்தக்கவை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம், ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி உலகத்துக்காக 2008இல் தேர்தல் வைத்து ஆட்டக்காரர் மன்றம் ஒன்றை அமைத்து, அதன் உறுப்பினர்களை ரெய்க்யவிக்குக்கு அழைத்து ஆலோசனை நடத்தும் வழக்கத்தைத் தொடங்கியது. பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனமோ, 2007ஆம் ஆண்டு ரூன்ஸ்கேப் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வாக்கெடுத்து, 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைத் திறந்தது. அதன்பின் ஆட்டத்தில் சேர்க்கும் முக்கியமான மாற்றங்களை, நான்கில் மூன்று பங்கு வாக்கு கிடைத்தால்தான் நிறைவேற்றுவோம் என்று உறுதியளித்தது. மறுபுறம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தைக் கேட்டவர்களுக்கு, அது உங்களுக்கு உண்மையில் தேவைப்படவில்லை என்ற பொருளில் 2013இல் அதை நடத்தும் நிறுவனத்தின் மாநாட்டு மேடையிலேயே பதில் தரப்பட்டது; 2016இல் ரசிகர்கள் தாமாக நடத்திய நாஸ்டால்ரியஸ் சர்வர் சட்ட நடவடிக்கைக்கு அஞ்சி மூடப்பட்டபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது; 2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் பழைய வடிவத்தை அதிகாரபூர்வமாக வெளியிட்டு, முதல் நாளிலேயே மணிக்கணக்கில் வரிசை நிற்கும் அளவுக்குக் கூட்டத்தைக் கண்டது.

இருந்தாலும், நெடுநாள் ஆட்டக்காரர் கேட்பதெல்லாம் உலகத்துக்கு நல்லது என்று கொள்வதும் தவறு. அவர் மலையேறிய பாதையிலேயே புதியவரும் கஷ்டப்பட்டு ஏற வேண்டும் என்ற பிடிவாதம் பழையவர்களிடம் எளிதில் தோன்றுகிறது; புதியவருக்குச் சலுகை கொடுத்தால் தம் உழைப்பு மலிவாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஜாகெக்ஸ் 2022இல் வாக்குத் தேவையை 75 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைத்தது, பெரும்பான்மையினர் விரும்பிய நல்ல திட்டங்களும் சிறு வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்ததால்தான். தாமதத்தோடும் நேர வேறுபாட்டோடும் ஆடும் இந்தியர் போன்ற சிறுபான்மையினரின் குரல், உலகளாவிய வாக்கெடுப்பில் மூழ்கிப்போகும் என்பதும் கவனிக்க வேண்டியது. மன்றத்தில் பகுதிவாரியாக இடம் ஒதுக்குவது அதற்கு ஒரு வழி.

பட்டியலின் மிக முக்கியமான கோரிக்கை, உலகம் மூடப்படும்போது என்ன ஆகும் என்பது பற்றியது. 2020 ஜூன் 29 அன்று பாதுகாப்புக் காரணங்களைக் குறிப்பிட்டு இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் மொபைல் லெஜண்ட்ஸ், கிளாஷ் ஆஃப் கிங்ஸ் என்ற இரு ஆன்லைன் விளையாட்டுகளும் இருந்தன. அரசின் முடிவு அதற்குரிய காரணங்களால் எடுக்கப்பட்டது. ஆனால் அவற்றில் பணமும் காலமும் செலவிட்டவரின் கணக்குக்கும், சேர்த்த பொருளுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. வணிகக் காரணத்தால் மூடப்படும்போதும் நிலைமை இதுவே. 2004இல் தொடங்கிய சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற சூப்பர் ஹீரோ உலகத்தை அதன் கொரிய உரிமையாளரான என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. ரசிகர்கள் மனம் தளரவில்லை. சர்வர் மென்பொருளைக் காப்பாற்றி, ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் தாமே நடத்தினார்கள். 2024 ஜனவரியில் அதே நிறுவனம் அவர்களுக்கு முறைப்படி உரிமம் வழங்கியது. பதினொரு ஆண்டுக்குப் பிறகானாலும், ஒரு நிறுவனம் கைவிட்ட நாட்டை அதன் குடிமக்களிடமே ஒப்படைத்த நிகழ்வு அது.

யுபிசாஃப்ட் நிறுவனம் ‘தி குரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தி, காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாதபடி செய்ததைத் தொடர்ந்து, ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் குடிமக்கள் மனுவாக மாறி, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் நடத்திக்கொண்டே இரு என்று அம்மனு கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலோ, விற்கப்படுவது முழு உரிமையில்லை, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையவழி வணிகத்தையும் உள்ளடக்கியது. அதன்கீழ், ஒரு மாய உலகத்தை மூடும் நிறுவனம் குறைந்தது ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும், அறிவிப்புக்குப் பின் புதிதாக எதையும் விற்கக் கூடாது, பயன்படுத்தப்படாத சந்தாவையும் விளையாட்டு நாணயத்தையும் ரூபாயில் திருப்பித் தர வேண்டும், விரும்பும் ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கு லாபநோக்கமின்றி நடத்தும் உரிமத்தைத் தர வேண்டும் என்ற நான்கு விதிகளை வகுத்தால், ஐதராபாத்தில் உருவாகும் விளையாட்டுகளுக்கும் ஐதராபாத்துக்கு விற்கப்படும் விளையாட்டுகளுக்கும் அவை ஒரே மாதிரிப் பொருந்தும்.